பந்தலுக்கு வெளியே ஒரு தட்டம்மை ஊசி

இன்று காலை மரக்காணம் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தேன். பக்கத்திலேயே தட்டம்மைத் தடுப்பூசி முகாம். பந்தல் முழுக்க ஒரு கட்சியின் கொடிகள்.

சாலையின் எதிர்ப்புறம் எங்கள் தெரு குமார் அண்ணன், கைக்குழந்தையோடு தயங்கி நின்றார். உப்பளத்தில் வேலை செய்பவர். கட்டியிருந்தது எதிர்க்கட்சிக் கரைவேட்டி.

சாலையைக் கடந்து அவரிடம் போனேன். “உள்ள போங்கண்ணே.”

“எப்படிப்பா போறது? போட்டோ புடிச்சி, கட்சி மாறிட்டான்னு போட்டுடுவானுங்க. இந்த ஊசியே வேணாம்னு எங்க கட்சி வாட்ஸ்அப் குரூப்ல ஃபார்வர்ட் பண்ணதே நான்தான். இப்ப பக்கத்து வீட்டுக் கொழந்தைக்கு அம்மை. தூக்கமே வரல.”

எனக்கு வந்த கோபத்துக்குத் திட்டியிருப்பேன். அதற்குள் அவர் தயங்குவதைப் பார்த்த முகாம் நர்ஸ் அக்கா ஊசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்து வந்துவிட்டார்.

“கொழந்தைய கெட்டியா புடிச்சிக்கோங்க.”

குழந்தை வீறிட்டது. அண்ணனும் அழுதார்.

“ஊசி உங்களுக்கு இல்லீங்க” என்று அக்கா சிரித்தார்.

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அங்கேயே குரூப்பில் பேசி அனுப்பினார்: “டேய், நான் அனுப்பினது தப்புடா. என் புள்ளைக்குப் போட்டாச்சு. உங்க பசங்களத் தூக்கிட்டு வாங்க. கொடிக்குக் கீழ போக வேணாம், ரோட்டுலயே போடுறாங்க.”

கைக்குழந்தைக்கு உறுப்பினர் அட்டை எந்த மாதத்தில் போடுகிறார்கள்? உங்கள் ஊர்க் கட்சிக்காரர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள்.