நான் ஒட்டிய சேஸி

என் கணவர் விழுந்தபோது அவருடைய கையில் கிரைண்டர் இருந்தது. நான் குசினியில் நின்றேன். இரும்பை அரைக்கும்போது கிரைண்டர் அடித்தொண்டையில் கத்தும். இரும்பிலிருந்து எடுத்துவிட்டால் மெல்லிய குரலில் இரையும். அன்று காலை அந்த மெல்லிய இரைச்சல் நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது. ஏன் இந்த மனிதர் சும்மா ஓடவிடுகிறார் என்று நினைத்தபடி கறியைக் கிளறினேன். பிறகுதான் ஏதோ சரியில்லை என்று பட்டது. பின்கொட்டிலுக்கு ஓடினேன். அவர் தான் செய்துகொண்டிருந்த கார் சேஸிக்குப் பக்கத்தில் நிலத்தில் கிடந்தார். கிரைண்டர் சீமெந்துத் தரையில் தானாகவே துள்ளித் துள்ளி அவருடைய காலை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. முதலில் வயரைப் பிடுங்கினேன். பிறகுதான் அவரைத் தொட்டேன். நெற்றி ஈரமாகவும் குளிராகவும் இருந்தது.

பக்கத்து வீட்டு ஆட்டோவில் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனோம். இதயத்துக்குப் போகும் குழாய் ஒன்று அடைத்திருக்கிறதென்று அதற்குள் சின்ன வலைக்குழாய் வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது, நடக்கலாம், சாப்பிடலாம், கொஞ்சக் காலத்தில் வாகனமும் ஓட்டலாம், ஆனால் பாரம் தூக்கவே கூடாது என்று டொக்டர் சொன்னார். அது எவ்வளவு பாரம் என்று நான் திருப்பித் திருப்பிக் கேட்டேன். கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் அள்ளவும் விடாதீர்கள் என்றார்.

அவர் பஸ் டிப்போவில் திருத்தும் பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நான் வட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஓய்வு பெற்ற மறுவாரமே அவர் ஒரு கார் செய்யப் புறப்பட்டார். அறுபதுகளில் ஓடிய, கூரையில்லாத, இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய ஆங்கிலேயப் பந்தயக் கார் ஒன்றின் நகல். இளவயதில் ஒருநாள் அது மானிப்பாய் வீதியால் போனதைக் கண்டாராம். அது அவரைவிட்டுப் போகவில்லை. இயந்திரமும் பின் அச்சும் உடைந்த யப்பான் வான் ஒன்றிலிருந்து கழற்றியவை. உடலை மயிலிட்டியில் பைபர் வள்ளம் செய்யும் நண்பர் வார்த்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். ஆனால் உடல் வெறும் தோல்தான். இயந்திரம், சக்கரங்கள், இருக்கைகள் எல்லாவற்றையும் தாங்குவது அடியில் இருக்கும் சேஸி. அதை அவர் மருதனார்மடத்தில் வாங்கிய சதுர இரும்புக் குழாய்களை வெட்டி, வெல்டிங்கில் ஒட்டிச் செய்துகொண்டிருந்தார். பாதி முடிந்திருந்தபோதுதான் விழுந்தார்.

எனக்கு அந்த இரும்பைக் காணவே பயமாக இருந்தது. வள்ளம் செய்யும் நண்பரை அழைத்து, என் கணவர் நித்திரையாக இருக்கும் நேரமாகப் பார்த்து அதை ஏற்றிக்கொண்டு போய்விடும்படி கெஞ்சினேன். நண்பர் கொட்டில் வாசலில் நின்று நெடுநேரம் பார்த்தார். கொண்டுபோகலாம், ஆனால் கொண்டுபோனால் அந்த மனிதர் கட்டிலைவிட்டு எழும்பமாட்டார் என்றார். பிறகு ஒரு குழாயையும் தொடாமல் போய்விட்டார்.

என் கணவர் எழும்பினார். எழும்பிய நாளிலிருந்து காலைச் சாப்பாடு முடிந்ததும் ஒரு கதிரையைக் கொண்டுவரச் சொல்லி சேஸிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். அதுவரை பரவாயில்லை. ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வந்தபோது, ஆளுயரக் குழாய் ஒன்றை நெஞ்சோடு அணைத்து நிமிர்த்திக்கொண்டிருக்கக் கண்டேன். கைப்பையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அதைப் பிடுங்கினேன். என் குரல் எனக்கே பிடிபடவில்லை.

"நீங்கள் உதைத் தொடக் கூடாது. என்ன செய்ய வேணுமெண்டு வாயாலை சொல்லுங்கோ. நான் செய்யிறன்."

ஆர்வத்தில் சொன்ன வார்த்தை அல்ல அது. அவர் தூக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சரி, முதலில் முகமூடியை எடுத்துப் போடும் என்றார்.

முதலில் கழிவுத் துண்டுகளில் பழகினேன். வெல்டிங் குச்சி இரும்பில் ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் வராது, வந்தால் ஓட்டை விழுந்திருக்கும். நான் ஒட்டிய துண்டுகளை வள்ளக்காரர் சுத்தியலால் அடித்து உடைத்துக் காட்டினார். உடைய மறுத்த முதல் துண்டை என் கணவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். அதன் பிறகு சேஸியில் கை வைத்தேன்.

வெல்டிங் முகமூடிக்குள் இருப்பது என்னவென்று முன்பு நான் நினைத்துப் பார்த்ததில்லை. கண்ணாடி கறுப்பு. உருகும் இரும்பின் சிறு பொட்டைத் தவிர உலகத்தில் எதுவும் தெரியாது. என் முதுகுக்குப் பின்னால் கதிரையில் இருக்கும் மனிதர் மூச்சுவிடுகிறாரா இல்லையா என்று தெரியாது. இயந்திரத்தின் இரைச்சலில் காதும் கேட்காது. ஒரு ஒட்டு முடியுமுன் பாதியில் நிறுத்தி முகமூடியைத் தூக்கித் திரும்பிப் பார்ப்பேன். அவர் அங்கேயே இருப்பார். இப்படிப் பாதியில் நிறுத்தினால் ஒட்டு கெட்டுப்போகும் என்று அவர் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். கடைசியில் எனக்கு ஏன் கை நிற்கிறதென்று அவருக்கு விளங்கியது. அன்றிலிருந்து நான் ஒட்டும்போதெல்லாம் ஒரு ஸ்பனரால் பக்கத்திலிருந்த தகரப் பீப்பாயைத் தட்டிக்கொண்டே இருந்தார். இரைச்சலையும் மீறி டங், டங் என்று அது கேட்டுக்கொண்டிருக்கும்வரை நான் நிறுத்தாமல் ஒட்டினேன்.

இரும்பு சூட்டில் இழுக்கும். ஒரு பக்கம் ஒட்டினால் மறுபக்கம் வளையும். மூலைக்கு மூலை குறுக்கே நாடாவால் அளந்தால் இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் சட்டம் சாய்ந்துவிட்டது என்று அர்த்தம். பிள்ளைகளுக்கு நான் கரும்பலகையில் படிப்பித்த செவ்வகம்தான். கரும்பலகையில் அது சாய்ந்தால் யாரும் சாகமாட்டார்கள். இங்கே ஒரு விரல் அகலம் பிசகியபோது என் ஒட்டுகளை நானே வெட்டி எறிந்துவிட்டு மறுபடி தொடங்கினேன்.

மழைக்காலம் முடிந்து நிலம் காய்ந்தபோது சேஸி சக்கரங்களில் நின்றது. உடல் இல்லை. இயந்திரம், இரண்டு இருக்கைகள், ஸ்ரியரிங், பிரேக் மட்டும். பதிவில்லாத வாகனத்தை வீதியில் விட முடியாது. போர்க்காலத்தில் இராணுவம் எடுத்துக்கொண்ட காணி மயிலிட்டியில் வள்ளக்காரருக்குத் திரும்பக் கிடைத்திருந்தது. வீடு இருந்த இடமே தெரியாத வெறும் நிலம். நடுவே நீளமான, இறுகிய கல்நிலம், அதன் முடிவில் பாதி இடிந்த மதில், அதற்கப்பால் கடல். சேஸியை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி அங்கே கொண்டுபோனோம்.

அவர் ஓட்டினார். நான் பக்கத்தில் இருந்தேன். தனியே விடமாட்டேன் என்று ஏறிக்கொண்டேன். மெல்லப் போனபோது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நிலம் என் காலுக்கடியில் நேராகத் தெரிந்தது. அவர் கொஞ்சம் வேகத்தைக் கூட்டினார். இன்னும் கொஞ்சம். அப்போது முன் சக்கரங்கள் நடுங்கத் தொடங்கின. முதலில் சிறிய நடுக்கம். கண் மூடித் திறப்பதற்குள் ஸ்ரியரிங் பைத்தியம் பிடித்ததுபோல இடமும் வலமும் அடித்து அவருடைய கைகளைத் தட்டிவிட்டது. சேஸி முழுவதும் உதறியது. என் பற்கள் ஒன்றோடொன்று மோதின. எங்கோ முன்பக்கத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். மதில் எங்களை நோக்கி வந்தது. நான் கத்தவில்லை என்று பிறகு அவர் சொன்னார். கத்தியதாகத்தான் எனக்கு ஞாபகம்.

பிரேக் பிடித்து நின்றபோது மதிலின் பாசி தெளிவாகத் தெரிந்தது. நான் மதிலைப் பார்க்கவில்லை. அவருடைய சட்டைக்குள் கையை விட்டு நெஞ்சில் வைத்தேன். இதயம் என் உள்ளங்கையில் குதித்தது. நோகிறதா, கைக்குள் இழுக்கிறதா, வேர்க்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். இல்லை, இல்லை என்றார். வள்ளக்காரர் ஓடி வந்து அவரை இறக்கி நிழலில் இருத்தினார்.

பிறகு முன்பக்கத்தைப் பார்த்தோம். இடது சக்கரத்தைச் சட்டத்தோடு பிடித்து வைத்திருக்கும் தகட்டில், நான் ஒட்டிய இடத்தில், மயிரளவு வெடிப்பு. நகத்தால் தடவினேன். நகம் அதில் சிக்கியது.

என் கணவர் சொன்ன விளக்கம் வேறு. சைக்கிளின் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவர் பின்பக்கம் சாய்ந்திருப்பதுபோல, கார் சக்கரம் திரும்பும் அச்சும் கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். தான் அந்தச் சாய்வைக் குறைத்து வைத்துவிட்டதால்தான் சக்கரம் நடுங்கியது, நடுக்கம்தான் ஒட்டை வெடிக்க வைத்தது, பிழை தன்னுடையது என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. என்னைத் தேற்றச் சொல்கிறார் என்று நினைத்தேன். நான் ஒட்டிய ஒன்றில் என் கணவரை உட்கார வைத்தேன், அது வெடித்தது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இனி முகமூடியைத் தொடமாட்டேன் என்றேன். வகுப்பில் எழுதிக்கொண்டிருக்கும்போது எந்தப் பிள்ளையாவது மேசையைத் தட்டினால் உடம்பு தூக்கிப்போட்டது.

சில வாரங்கள் கொட்டில் பூட்டியே கிடந்தது. பிறகு ஒரு சனிக்கிழமை நான் சந்தையால் வர, கதவு திறந்திருந்தது. அவர் முகமூடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சேஸிக்கு முன்னால் முழங்காலில் இருந்தார். இன்னும் எதையும் தொடவில்லை. நான் ஏசத் தொடங்கினேன். அவர் என்னை ஏசவிட்டார். முடிந்ததும் சொன்னார்:

"எனக்குப் பயமில்லையெண்டு நினைக்கிறீரோ? ஆஸ்பத்திரியாலை வந்ததிலை இருந்து கண்ணை மூடப் பயம். மூடினால் திறக்கமாட்டனோ எண்டு பயம். உதுக்குப் பக்கத்திலை இருக்கேக்கை மட்டும் அதை மறந்து போறன். வேறை ஒண்டுமில்லை."

இத்தனை மாதங்களில் அவர் இதைச் சொன்னதில்லை. பயம் எனக்கு மட்டும் உரியது என்று நான் வைத்துக்கொண்டிருந்தேன். நிலத்தில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து முகமூடியை அவருடைய கழுத்திலிருந்து கழற்றினேன்.

வெடித்த ஒட்டை முழுவதும் அரைத்தெடுத்துவிட்டுத் தடித்த தகடு வைத்து, முக்கோண முட்டும் கொடுத்து ஒட்டினேன். மற்ற ஒட்டுகளையும் விடவில்லை. ஒட்டின்மேல் மண்ணெண்ணெய் தடவி, ஊறவிட்டு, நன்றாகத் துடைத்துவிட்டுச் சோக்குத் தூள் பூசினால், வெடிப்பு இருக்கும் இடத்தில் மண்ணெண்ணெய் கசிந்து வெள்ளையில் ஒரு கோடு போடும். பள்ளிக்கூடத்துச் சோக்கை இடித்துத் தூளாக்கி ஒவ்வொரு ஒட்டிலும் பூசிவிட்டு, கோடு வருகிறதா என்று கைவிளக்கோடு குனிந்து காத்திருந்தேன். பின்பக்கத்தில் இன்னொரு கோடு வந்தது. அதையும் அரைத்தோம்.

சேஸி முறுகுகிறதா என்றும் பார்த்தோம். பின்பக்கத்தை அசையாமல் கட்டிவிட்டு, முன்பக்கத்தில் நீளக் குழாய் ஒன்றைக் குறுக்கே பூட்டி, அதன் நுனியில் வள்ளக்காரரும் நானும் மணல் மூட்டைகளைத் தொங்கவிட்டோம். ஈரத் துவாயைப் பிழிவதுபோலச் சட்டம் முறுகியதைக் கண்ணால் கண்டேன். இயந்திரத்தின் இரு பக்கமும் சாய்வாகக் குழாய்கள் ஒட்டிய பிறகு அதே மூட்டைகளுக்கு அது மிகக் கொஞ்சமே அசைந்தது. சக்கரத்தின் சாய்வை மெல்லிய தகடுகள் செருகி அவர் சரிசெய்தார். தகடுகள் பாரமில்லாதவை என்பதால் நான் தடுக்கவில்லை.

மறுபடி மயிலிட்டிக்குப் போனோம். அவர் ஓட்டும் இருக்கைப் பக்கம் போனபோது நான் முந்திக்கொண்டேன்.

"என்ரை ஒட்டு. நான்தான் முதல் ஓட்டுவன்."

"உமக்கென்ன விசரோ?" என்றார்.

"ஓம்" என்றேன்.

எனக்கு ஸ்கூட்டியும் சாதாரணக் காரும் ஓட்டத் தெரியும். இதில் கதவில்லை, கண்ணாடியில்லை. கிளட்சைச் சட்டென்று விட்டதும் வண்டி நின்றுவிட்டது. இரண்டாம் முறை புறப்பட்டேன். முன்பு நடுக்கம் வந்த வேகம் வந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு ஸ்ரியரிங்கைப் பிடித்தேன். அது என் கையில் சும்மா இருந்தது. இன்னும் அழுத்தினேன். காற்று கண்ணில் அடித்து நீர் வந்தது. எங்காவது 'டக்' என்று கேட்கிறதா என்று உடம்பெல்லாம் காதாக இருந்தேன். கேட்கவில்லை. பிரேக் பிடித்தபோது வண்டி இடதுபக்கம் இழுத்தது. ஸ்ரியரிங்கை வலப்பக்கம் திருப்பிப் பிடித்தேன். மதிலுக்கு வெகுதூரத்தில் நேராக நின்றது.

திருப்பி வந்தபோது அவர் நிலத்தில் உட்கார்ந்திருந்தார். இயந்திரத்தை நிறுத்தக்கூட மறந்து குதித்து ஓடினேன். வள்ளக்காரர் கையை உயர்த்தி, ஒன்றுமில்லை ரீச்சர், ஒன்றுமில்லை என்றார். நான் ஓட்டுவதைப் பயத்தில் நின்று பார்க்க முடியாமல் அவராகவே உட்கார்ந்துவிட்டாராம்.

"ஒவ்வொரு நாளும் உப்பிடித்தானோ இருந்தனீர்?" என்று என் கணவர் கேட்டார்.

பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய நாடியைப் பிடித்துப் பார்த்தேன். அவர் என்னுடையதைப் பிடித்துப் பார்த்தார்.

பிரேக் இழுப்பு ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. இப்போது சேஸிக்கு மேலே வள்ளக்காரர் வார்த்த உடல் பூட்டியிருக்கிறது; நிறம் இன்னும் அடிக்கவில்லை. வீதியில் ஓட்ட அனுமதி கிடைக்குமா என்று அவர் விசாரித்துத் திரிகிறார். கிடைக்காது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். கிடைக்காவிட்டால் எனக்குப் பெரிய துக்கமில்லை. கிளினிக்குக்கு ஒழுங்காகப் போகிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் மயிலிட்டியில் மாறி மாறி ஓட்டுகிறோம். அவர் ஓட்டும்போது நான் காணியில் முளைத்த எருக்கலையைப் பிடுங்குவேன். நான் ஓட்டும்போது அவர் வள்ளக்காரரோடு மீன் விலை கதைப்பார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. கடைக்கண்ணால் பார்ப்பதை மட்டும் இருவரும் தெரியாததுபோல விட்டுவிடுகிறோம்.