தலைகீழாகத் தொங்கிய சதுரக்கள்ளி

வாசல் கேட்டில் கட்டிய கள்ளி வாடினால் வீட்டுக்காரன் கதை முடிந்தது என்று நம்பினேன். பட்டப்படிப்பு படித்தவன், பிள்ளைகளைப் பெற்றவன், ஆனாலும் நம்பினேன்.

திருப்போரூரில் வீடு கட்டிக் குடிபோனபோது, திருஷ்டிக்காக என் மனைவியின் தம்பி ஒரு சதுரக்கள்ளித் துண்டைக் கொண்டுவந்தான். சிறுசேரி ஐ.டி. கம்பெனிகளுக்குக் கேப் கார் ஓட்டுகிறவன். பாறை இடுக்கில் வெட்டியதாம். தலைகீழாகத் தொங்கவிட்டுவிட்டு, சும்மா போகாமல் ஒன்று சொன்னான்: "இது வாடுச்சுன்னா வூட்டுக்காரருக்கு ஆவாது மாமா. பாத்துக்கோ."

"வாடாத செடி ஒண்ணு கீதாடா மச்சான்?"

"அதான் கட்டிகீறேன்."

அவன் சொன்னது சரிதான். மண் இல்லை, தண்ணீர் இல்லை, உப்புக்காற்று வேறு. நாலு பட்டை வைத்த பச்சை உடம்பு. விளிம்பெல்லாம் ஜோடி ஜோடியாக முள். மோட்டார் ஓடாவிட்டால் நான் போடும் கூச்சல் தெருவுக்கே தெரியும். இது ஒரு வாய் தண்ணீர் கேட்கவில்லை. தொங்கியபடியே நுனியை மட்டும் மெல்ல வானத்துப் பக்கம் வளைத்தது. பல் துலக்கிக்கொண்டே அதைப் பார்த்து நிற்பேன். அப்படியொரு பிடிவாதம் எனக்கு எதிலும் இருந்ததில்லை.

கத்திரி வெயிலில் அதன் பக்கங்கள் கொஞ்சம் ஒட்டின. எனக்கு உடனே நெஞ்சை அடைத்தது. தினமும் யாரும் பார்க்காத நேரத்தில் தண்ணீர் ஊற்றினேன். வெட்டிய முனையில் ஈரச் சாக்கும் சுற்றினேன்.

மனைவி பிடித்துவிட்டாள். "இன்னாங்க, கேட்டுக்குத் தண்ணி ஊத்திகினு கீறீங்க?"

"தூசி..."

"தூசிக்கு எதுக்கு ஈரச் சாக்கு?"

அவிழ்த்தாள். வெட்டிய முனை கறுத்துக் கொழகொழத்திருந்தது. நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கடைசியாக இரண்டு வார்த்தை சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், ஏப்பம்தான் வந்தது.

மச்சான் கேபிலேயே செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். "தமாசுக்குச் சொன்னேன் மாமா! உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அக்கா என்னத் தலைகீழாத் தொங்கவுட்டுடும்" என்று வழியெல்லாம் புலம்பினான்.

ஈசிஜி பார்த்த டாக்டர், மத்தியானம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். மசால்வடை என்றேன். சிரிக்காமல் மாத்திரை எழுதினார்.

வீடு திரும்பியதும் மச்சான் அழுகலை வெட்டியெறிந்தான். கள்ளிப்பால் கண்ணில் படாமல் கையைக் கழுவிக்கொண்டு, மிச்சத்தை நிழலில் காயப்போட்டான். வெட்டுவாய் உலர்ந்ததும் மதிலோரத்து ஜல்லிக் குவியலில் நட்டோம். அது வேர்விட்டு, கிளைவிட்டு, இன்று என் இடுப்புயரம் நிற்கிறது.

எனக்கு இருந்தது வாயு. கள்ளியை வெயில் ஒன்றும் செய்யவில்லை; நான் ஊற்றிய தண்ணீரில்தான் அது அழுகியது.