துண்டில் ஒரு முடிச்சு

யுத்தத்தால் கொயினா மாத்திரை வராமல் போன வருஷம், பென்னாகரத்தில் மலைக்காய்ச்சலுக்கு வாரம் ஒரு சாவு விழுந்தது. அங்கே நான் கம்பவுண்டர். சர்ச்சில் மணியடிப்பவரே கல்லறைக் குழியும் வெட்டுவார். ஒல்லியான, முன்பல் விழுந்த மனிதர்.

யாருக்காகவாவது ஜெபிக்கச் சொன்னால் தோள்துண்டின் ஓரத்தில் ஒரு முடிச்சுப் போடுவார். ஆள் பிழைத்தால் அவிழ்ப்பார். செத்தாலும், குழியை மூடியதும் அவிழ்த்துவிடுவார்.

"அதான் செத்துட்டாங்களே, அப்புறம் எதுக்கு அவுக்கறீங்க?" என்று ஒருநாள் எரிச்சலாகவே கேட்டேன்.

"ஆண்டவரு பதில் சொல்லிட்டாருங்களே. நாம கேட்டது கெடைக்கலேன்னா பதிலே வரலேன்னு சொல்லலாமுங்களா?"

எனக்கு ஜெபத்தில் நம்பிக்கை கிடையாது. சிரித்துவிட்டேன்.

ஐப்பசியில் அவருடைய ஒரே மகள் அதே காய்ச்சலில் போனாள். குழியை அவரே வெட்டினார், அவரே மூடினார். மண் அப்பிய கையோடு நேரே என்னிடம் வந்து துண்டை நீட்டினார்.

"பதில் வந்துருச்சுங்க சார். அவுக்கத்தான் கை வரமாட்டேங்குது. நீங்க அவுத்து வுடுங்க."

அவிழ்த்துக் கொடுத்தேன். உதறித் தோளில் போட்டுக்கொண்டு சாயங்கால மணி அடிக்கப் போனார். ஊரில் எத்தனையோ விசுவாசிகள் இருக்க, என்னிடம் ஏன் வந்தார் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.