இல்லாத தெய்வாத்தாளுக்கு எடுத்த பச்சைச் சேலை

மாசாணியம்மாளின் கதை முதன்முதலாகப் பத்திரிகையில் வந்தபோது அவளுக்கு வயது அறுபத்தாறு. படிப்பு நாலாம் வகுப்பு. "இந்த வயசுல கதை எழுதோணும்னு எப்படிங்க தோணுச்சு?" என்று காங்கேயத்தில் கேட்காதவர்கள் இல்லை. "சும்மா இருக்க முடியலீங்க" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாள். நிஜத்தில் அவள் முதல் கதையைச் சொன்னது அதற்கும் இருபத்தெட்டு வருஷம் முன்னால். அதை யாரும் கதை என்று நினைக்கவில்லை. வினை அங்கேதான் பிடித்தது.

அப்போது நஞ்சுண்டனின் களத்தில் கொப்பரை காயவைக்கிற வேலை அவளுக்கு. நஞ்சுண்டன் தம்பி முறை. கை பாட்டுக்கு வேலை செய்யும், வாய் பாட்டுக்கு உறவுமுறை சொல்லும். யார் யாருக்கு என்ன வேணும், எந்த ஊரில் பெண் கொடுத்தது, எந்த ஊரில் எடுத்தது என்று ஏழு தலைமுறையை நிற்காமல் சொல்லுவாள். பெண் பார்க்கப் போகிறவர்களே அவளிடம் ஒரு நடை கேட்டுவிட்டுத்தான் போவார்கள். 'தெரியாது' என்ற வார்த்தை அவள் வாயில் வந்ததே இல்லை.

அந்த வருஷம் நஞ்சுண்டன் தொழுவத்தில் கன்று தங்கவில்லை. வரிசையாக நாலு கன்று செத்தது. குறி கேட்டார்கள். 'கலியாணமாகாமல் செத்த பெண் ஒருத்தி உங்கள் வீட்டில் கேட்பாரில்லாமல் நிற்கிறாள், பேரைக் கண்டுபிடித்துக் கும்பிடு' என்று வந்தது. அப்படி இறந்தவளை வீட்டுத் தெய்வமாக வைத்து, தை மாதம் ஒரு புதுச்சேலை எடுத்துப் பெட்டியில் வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். போன வருஷத்துச் சேலையை எடுத்து வீட்டுப் பெண் உடுத்துவாள்.

நஞ்சுண்டன் வயிற்றில் இருக்கும்போதே அவன் ஐயன் போய்விட்டார். அப்பா வழியில் அவனுக்கு ஒருவரையும் தெரியாது. களத்துக்கே வந்து நின்றான்.

"ஏனுங்க்கா, எங்க ஐயன்கூடப் பொறந்தவங்க யாராச்சும் அப்படி இருந்தாங்களா?"

மாசாணிக்கும் தெரியவில்லை. ஆனால் களத்தில் பத்துப் பேர் கையை நிறுத்திவிட்டு அவள் வாயையே பார்த்தார்கள்.

"இருந்தாங்க சாமி. உங்க ஐயனுக்குத் தங்கச்சி, தெய்வாத்தாள்னு. பதினாறு வயசுல கிணத்துல உளுந்துபோட்டாங்க. இடது புருவத்துல ஒரு தழும்பு. பச்சைன்னா உசுரு."

அத்தனையும் அந்த நிமிஷத்தில் வாய்க்கு வந்தது. தை பிறந்ததும் பச்சைச் சேலை வைத்தார்கள். அடுத்த கன்று பிழைத்துக்கொண்டது.

மறு வருஷம் கும்பிட வந்த வெள்ளகோவில் பெரியவர் ஒருவர், "தெய்வாத்தாளா? கிணத்து மேட்டுல என்னேரமும் முனகிப் பாடிட்டே நிப்பாளே" என்றார். மாசாணி சொன்னதில் பாட்டே கிடையாது. பெட்டியைத் திறந்து பழைய சேலையை எடுத்தபோது கீழ்க்கரை ஈரமாக இருந்தது. பாசி வாடை அடித்தது. மழைத் தண்ணீர் இறங்கியிருக்கும் என்றார்கள். அந்த வருஷம் அங்கே மழையே இல்லை. அதன் பிறகு ஒவ்வொரு தையிலும் அந்தக் கரை ஈரம்தான்.

நஞ்சுண்டனுக்கும் கருப்பாத்தாளுக்கும் ஒரே பெண், நித்யஸ்ரீ. கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பெரிய பெண்ணானதிலிருந்து பெட்டிச் சேலையை உடுத்துகிறவள் அவள்தான். இருபத்தாறு வயதில் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடது புருவத்தில் நாலு தையல். அந்தத் தையில் அவளைப் பார்த்த மாசாணிக்குக் களத்தில் தான் சொன்ன தழும்பு நினைவு வந்தது. மூன்று வரன் தட்டிப்போயிருந்தது. தெய்வாத்தாள் அத்தைக்கு இஷ்டமில்லை போல என்று வீட்டில் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

நித்யஸ்ரீ அவளைத் தனியே கூட்டிப்போய்ச் சொன்னாள். "இங்க வந்தா நம்ம கிணத்துக்குப் போகோணும்னு நான் நெனைக்கறதே இல்லீங்கத்தை. போயி நின்னதுக்கப்புறந்தான் நிக்கறேன்னு தெரியுது. வாயில ஏதோ பாட்டு வருது. எனக்கு அந்தப் பாட்டே தெரியாது."

இனி மறைத்தால் இந்தப் பெண் பிழைக்காது என்று மாசாணிக்குத் தெரிந்துவிட்டது. கூடத்துக்கு வந்து எல்லார் முன்னும் சொன்னாள். "தெய்வாத்தாள்னு ஒருத்தி இல்லவே இல்ல. நாந்தான் பொய் சொல்லிப்போட்டேன்."

கருப்பாத்தாள் சிரித்துவிட்டாள். "வயசானா எல்லாருக்கும் மறக்கும். உங்களுக்கு மட்டும் புதுசு புதுசா வருதாக்கும்? பொய்யா இருந்தா அந்தக் கன்னுக்குட்டி எதுக்குங்க பொழச்சுது? பெட்டியில சேலை எப்படிங்க நனையுது?"

நஞ்சுண்டன், "அக்காளுக்கு ஒரு காப்பி குடு" என்று பேச்சை முடித்துவிட்டான்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இல்லை என்று சொன்னால் எடுபடாது. ஆனால் தெய்வாத்தாளைக் கட்டிக்கொடுத்துவிட்டால்? கலியாணமாகிப் போன பெண் புருஷன் கூட்டத்துக்காரி, வேறு குலம். பிறந்த வீட்டில் அவளுக்குப் பெட்டி கிடையாது. நோட்டு ஒன்று வாங்கினாள். எழுத்துக் கூட்டிக் கூட்டி ஒரு மாதம் எழுதினாள். தெய்வாத்தாள் கிணற்றில் விழவில்லை, கால் வழுக்கியவளை எட்டிப் பிடித்துவிட்டார்கள். கோபிச்செட்டிபாளையத்தில் வாழைத்தோட்டத்துக்காரருக்குக் கொடுத்தார்கள். கலியாணச் சடங்கு செய்கிற அருமைக்காரர் வந்து சீர் ஒன்றுகூடக் குறையாமல் செய்துவைத்தார். மாப்பிள்ளையைக் 'கோபி மாப்பிள்ளை' என்றே எழுதிக்கொண்டு போனாள். புருஷன் பேரைச் சொல்லாத பொம்பளைகளோடு பழகிய கை அது.

மாசிக் கடைசியில், வீட்டில் மற்றவர்கள் இல்லாத ஒரு மத்தியானம், நித்யஸ்ரீயைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பெட்டி முன்னால் அதைச் சத்தமாகப் படித்தாள். பெண்ணை வண்டியேற்றுகிற இடம் வந்தபோது நித்யஸ்ரீ தேம்பித் தேம்பி அழுதாள். அழுதது அவள்தானா என்று கேட்க மாசாணிக்குத் தைரியம் வரவில்லை.

அழுது முடித்துப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே சேலை இல்லை. பெட்டி காய்ந்து கிடந்தது.

காலிப் பெட்டியைப் பார்த்த பிறகு கருப்பாத்தாள் சிரிக்கவில்லை. வைகாசியில் நித்யஸ்ரீக்குக் கலியாணம் நடந்தது. கிணற்றுப் பக்கம் அவள் பிறகு போகவில்லை. கதையைப் போனில் அடித்துப் பத்திரிகைக்கு அனுப்பியவளும் அவளே.

ஆடி நோம்பிப் பண்டிகைக்குப் புதுப்பெண் நித்யஸ்ரீ மாப்பிள்ளையோடு பிறந்த வீட்டுக்கு வந்தாள். மாசாணிக்கும் அங்கேதான் விருந்து. உச்சிவேளையில் வீடு திரும்பிக் கதவைத் திறந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். படியிலிருந்து உள்ளே பாய் வரைக்கும், சேலைக்கரை இழுபட்ட அகலத்துக்கு ஈரம். பாசி வாடை.

நோம்பிக்குப் பெண் பிறந்த வீட்டுக்குத்தானே வரும். தெய்வாத்தாளுக்கு நஞ்சுண்டன் வீடு பிறந்த வீடா என்ன? அவளைப் பெற்றது மாசாணியின் வாய்.

பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் வந்த பெண்ணை வாவென்று சொல்லாமல் எப்படி இருப்பது?

"வா அம்மணி, உக்காரு" என்றாள். "தனியாவா வந்தே? ஊட்டுக்காரரு வல்லியா?"

பாயின் பக்கமிருந்து அந்த முனகல் கேட்டது. வரவர அது அழுகை மாதிரி ஆனது. அப்போதுதான் மாசாணிக்கு உறைத்தது. கதையில் இருநூறு பேரைக் கலியாணத்துக்குக் கூட்டியிருந்தாள். மாப்பிள்ளைக்கு ஒரு பேர் வைக்கவில்லை. பேரில்லாதவன் எப்படிக் கூட வருவான்?

சுவரோரமாகவே நடந்து போய் நோட்டை எடுத்தாள். ஈரம் படாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து, பேனாவைத் திறந்தாள்.