சைவக் கோழிக்கு வராத கருடன்

ஜூன் மாதம் பறவை பார்ப்பவர்களுக்குப் பஞ்ச காலம். வடக்கிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்து, கோலா சிலாங்கூர் சேற்றுக் கரையில் தின்று கொழுத்த உள்ளான் பறவைகள் எல்லாம் அதற்குள் மூட்டை கட்டிவிடும். அவற்றின் பின்னாலேயே பெரிய கேமராக்காரர்களும் போய்விடுவார்கள். மிஞ்சுவது வெயில், கொசு, நான். ஆனால் எனக்கு இந்த மாதங்கள்தான் பிடிக்கும். இங்கேயே கூடு கட்டி, இங்கேயே சண்டை போட்டு, எங்கும் போகாமல் கிடக்கும் பறவைகளை அப்போதுதான் நிதானமாகப் பார்க்கலாம். விருந்தாளிகள் கிளம்பிய பிறகு வீட்டுக்காரர்கள் கூடத்தில் வந்து உட்காருவார்களே, அப்படி.

எங்கள் குடும்பத்தில் இதற்கெல்லாம் மரியாதை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டினால் போதும், "குருவிங்களுக்குப் பசியாறக் குடுத்துட்டு வாங்க, நம்ம வீட்ட நான் பாத்துக்கிறேன்" என்பாள் என் மனைவி. அவளுடைய அண்ணன் எங்கள் கோயில் தலைவர். அவருக்கு நான் 'வேலையத்த மாப்ள'. என் பெயரே அவருக்கு மறந்துபோயிருக்குமோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

அப்படிப்பட்ட மச்சான் போன ஜூனில் ஒரு மாலை தானாகவே என் வீடு தேடி வந்தார். கொடுத்த தேநீரைத் தொடவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"மாப்ள, இந்தக் கருடன் எங்க இருக்கும்? எத்தன மணிக்கு வெளிய வரும்?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

காரணம் எனக்குத் தெரியும். எங்கள் மாரியம்மன் கோயில் முன்பு ரப்பர்த் தோட்டத்துக்குள், தொழிலாளர் லயங்களின் பக்கத்தில் இருந்தது. தோட்டம் கைமாறியபோது, வீடமைப்புப் பகுதியின் ஓரத்தில் வாய்க்காலை ஒட்டி வேறு நிலம் கொடுத்தார்கள். சம்மதம் சொல்லிக் கையெழுத்துப் போட்டவர் மச்சான். அன்றிலிருந்து ஊரில் பாதிப் பேர் அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. அவர்களுக்கெல்லாம் தலைவி எங்கள் பழைய லயத்து அக்கா ஒருவர். பால்மரம் வெட்டியவர். அவர் குரல் பத்து நிரை மரம் தாண்டிக் கேட்கும். "அம்மாவுக்கு இந்த எடம் புடிக்கல. கும்பாபிஷேகத்தன்னிக்குக் கருடன் வருதா பாருங்க" என்று அவர் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தார். கலசத்தில் நீர் ஊற்றும் நேரத்தில் கோபுரத்துக்கு மேல் கருடன் வட்டமிட வேண்டும். வராவிட்டால் மச்சான் அந்த ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

"பத்து மணிக்கு மேல வரும். தரை சூடாகணும், அப்பத்தான் மேல ஏறும்" என்றேன்.

"குருக்கள் எட்டரைக்கு வச்சிருக்காருலா!"

"நேரத்த மாத்தச் சொல்லுங்க."

"பத்து மணிக்குத் தொறக்க அது என்னா பேங்கா?" என்று கோபித்துக்கொண்டு எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பி வந்து, ஆறிப்போன தேநீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் போனார்.

காப்புக் கட்டிய பிறகு ஒரு காலை கோயிலுக்குப் பின்னால் அவரைப் பார்த்தேன். கையில் சிவப்புப் பிளாஸ்டிக் பை. ஆற்றில் படகுக்காரர்கள் சுற்றுப்பயணிகளுக்காகக் கோழித் தோலை வீசிக் கழுகுகளை வரவழைப்பது அவருக்கு நினைவு வந்திருக்கிறது.

"மச்சான்! ஊரே கவிச்சி தொடாம இருக்கு. கோயில் பின்னால கோழியா?"

"எனக்குத் தெரியாதா? இது சைவக் கோழி."

பையைத் திறந்து காட்டினார். சீனர் சைவக் கடையில் வாங்கிய சோயாக் கோழி. அவர் மனைவி மஞ்சள் தடவிப் பொரித்துக் கொடுத்திருக்கிறார். "காரம் போடல" என்றார் அக்கறையாக.

வேலையத்த மாப்ளைக்கு அதைவிட நல்ல காலை வாய்க்காது. ஒரு மரத்தடியில் வசதியாக உட்கார்ந்துகொண்டேன். முதலில் காக்காய்கள் வந்தன. பிறகு மைனாக்கள். வாய்க்காலிலிருந்து ஓர் உடும்பு ஏறி வந்து, பெரிய துண்டாகப் பார்த்துக் கவ்வி, கொஞ்சம் யோசித்து, கீழே போட்டுவிட்டுத் திரும்பிப் போனது. கடைசியில் பக்கத்து வீட்டு நாய் வந்து மிச்சத்தை முடித்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தூங்குமூஞ்சி மரத்து உச்சியில் ஒரு கருடன் இருக்கத்தான் செய்தது. வெள்ளைத் தலை, செம்மண் நிற முதுகு. இந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு இறகு கோதத் தொடங்கியது.

அதன் கீழே கிளைக் கவட்டில் சுள்ளிக் கூடு ஒன்று தெரிந்தது. கூட்டின் விளிம்பில் நின்று ஒரு குஞ்சு சிறகை அடித்து அடித்துப் பழகிக்கொண்டிருந்தது. உடம்பு முழுக்கக் காப்பி நிறம். வளர்ந்துவிட்டது, இன்றோ நாளையோ பறந்துவிடும். எனக்கு ஒரே சந்தோஷம். மச்சானிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் பொரித்துக்கொண்டு வருவார்.

கும்பாபிஷேகத்தன்று நல்ல கூட்டம். ஊரைவிட்டுப் போன பிள்ளைகளெல்லாம் கலும்பாங், புக்கிட் பெருந்துங் என்று எங்கெங்கோ இருந்து கார் போட்டு வந்திருந்தார்கள். மேளம் உச்சத்துக்குப் போனது. குருக்கள் குடத்தோடு சாரத்தில் ஏறினார். மச்சானும் பின்னால் ஏறினார். எல்லோர் தலையும் மேலே திரும்பியது.

"கருடா! கருடா!" என்று யாரோ கத்த, ஊரே கைகூப்பியது. நானும் பைனாகுலரைத் தூக்கினேன். டுரோன். வீடியோக்காரர் விட்டது. கும்பிட்ட கைகளைக் கீழே இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் பலர் நின்றார்கள்.

"மச்சான், அத எறக்கச் சொல்லுங்க. அது பறக்குற வரைக்கும் ஒரு பறவையும் கிட்ட வராது" என்று கீழேயிருந்து கத்தினேன். அவர் மேலேயிருந்தே வீடியோக்காரரைப் பார்த்துப் போட்ட சத்தத்தில் டுரோன் உடனே தரையிறங்கியது. குருக்கள் நீரை ஊற்றினார். வானம் காலியாகக் கிடந்தது.

"பாத்தீங்களா? நான் அப்பவே சொன்னேன்" என்றார் அக்கா.

மச்சான் ஈர வேட்டியோடு சாரத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நின்றார். உதடு மட்டும் அசைந்தது. என்னை அத்தனை வருடம் கேலி செய்த மனிதர்தான். ஆனால் அந்த நிமிடம் அவருக்காக எனக்கு அழுகை வந்தது. ஒரு கருடனை எப்படியாவது பிடித்துக்கொண்டு வந்து மேலே விடலாமா என்றிருந்தது.

அப்போதுதான் வாய்க்கால் பக்கமிருந்து அது வந்தது. தாழ்வாக, தடுமாறி, காற்றில் ஒருபக்கம் சாய்ந்து, எப்படியோ நிமிர்ந்து, கோபுரத்தை அரைகுறையாக ஒரு சுற்றுச் சுற்றி, சாரத்தின் உச்சி மூங்கிலில் பொத்தென்று உட்கார்ந்தது. உட்கார்ந்த பிறகும் சிறகை மடக்க மறந்துவிட்டது.

"ச்சே, பருந்துலா" என்றான் ஒருவன். "கருடனுக்குத் தலை வெள்ளையா இருக்கணும்." கூட்டம் முணுமுணுத்தது. கூட்டத்தில் வாய் திறந்து எனக்குப் பழக்கமில்லை. என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோலக் கேட்டது.

"அது கருடன்தான்! குஞ்சு. பெருசானாத்தான் தல வெளுக்கும். வாய்க்கா மரத்துல கூடு இருக்கு, வந்து பாருங்க. அம்மா அப்பா ரெண்டும் அங்கதான் இருக்கு."

பைனாகுலரைக் கழற்றி அக்காவிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. பறவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இங்கயா பொறந்துச்சு?"

"இங்கதான்க்கா. இந்த வருஷம்."

அக்கா வாய்க்கால் பக்கம் திரும்பி அந்த மரத்தைப் பார்த்தார். பிறகு கையைத் தலைக்கு மேல் கூப்பி, பத்து நிரைக்குக் கேட்கும் அந்தக் குரலில் "கருடா!" என்றார். ஊரே திரும்பக் கத்தியது. சாரத்தின் மேல் நின்ற மச்சான் அப்படியே உட்கார்ந்து வேட்டி முனையால் முகத்தை மூடிக்கொண்டார்.

பத்து மணிக்கு மேல், வெயில் ஏறியதும், வெள்ளைத் தலைக் கருடன்கள் இரண்டும் வந்தன. அழகாக, சிறகசைக்காமல், கோபுரத்துக்கு நேர் மேலே வட்டமிட்டன. பார்க்க ஆளில்லை. ஊரே பந்தியில் குனிந்து இலையோடு மும்முரமாக இருந்தது. நான் பக்கத்தில் இருந்த மச்சானை முழங்கையால் இடித்து மேலே காட்டினேன்.

அவர் நிமிரவே இல்லை. ரசத்தைக் கையால் வழித்துக்கொண்டே சொன்னார்.

"புள்ளயத் தேடி வந்திருக்கும். இங்கதான் இருக்கான்னு சொல்லு மாப்ள."