தூரம் பதினாறு நாள்

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்துச் சாலைகளில் மரங்களை வெட்டிப் போட்டிருந்த சமயத்தில், சங்கராபுரத்தில் நான் வீட்டுக்குத் தூரமாகிப் பதினாறு நாள் ஆகியிருந்தது. மாதவிடாய்க்கு எங்கள் ஊரில் வைத்திருக்கும் பெயர் தூரம். மூன்று நாள் தூரம் உண்டு, மிஞ்சினால் ஐந்து. பதினாறு நாள் தூரம் யாரும் கேள்விப்படாதது. பழைய புடவைகள் தீர்ந்து நல்ல புடவைகளைக் கிழிக்க ஆரம்பித்திருந்தேன். எழுந்து நின்றால் கண் இருட்டியது. செத்துவிடுவேனோ என்று நிஜமாகவே பயந்தேன்.

நான் கரியாலூரில் பள்ளிக்கூட டீச்சர். தினமும் பஸ் ஏறி மலைக்குப் போய், முணுமுணுக்கும் பிள்ளைகளிடம் "வாயத் தொறந்து சொல்லு" என்று அதட்டிச் சம்பளம் வாங்குகிறவள். அப்படிப்பட்டவள் பதினாறு நாளாக என் விஷயத்தை வீட்டுக்காரரைத் தவிர யாரிடமும் வாய்திறந்து சொல்லவில்லை. மறியலால் மலை பஸ் நின்றுபோனதில், லீவுக்குக் காரணம் எழுதும் சங்கடமும் மிச்சம்.

எல்லாம் ரிஷிவந்தியத்தில் ஆரம்பித்தது. அங்கே கோயிலில் எங்களுக்கு ஒரு வேண்டுதல். குறித்த நாள் சரியாக என் நாளில் வந்து விழுந்தது. எதிர்வீட்டு அக்கா ஓர் அட்டை மாத்திரையை முந்தானையில் ஒளித்துக் கொண்டுவந்து, "தள்ளிப் போடற மாத்திரை. போட்டுக்கோ, ஒன்னும் ஆவாது" என்றார். எத்தனை போடுவது, எத்தனை நாள் போடுவது, யாருக்கு ஆகாது என்று அவருக்கும் தெரியாது, நானும் கேட்கவில்லை. ஞாபகம் வந்த வேளை போட்டேன், வராத வேளை விட்டேன். அங்கே இருக்கும் சாமி உடம்பில் பாதியை அம்மனுக்குக் கொடுத்தவர். பாதிப் பெண்ணாகவே நிற்கிறவரைப் பார்க்க முழுப் பெண் மாத்திரை போட்டுக்கொண்டு போக வேண்டியிருந்தது. சாமி அதைப் பற்றி என்ன நினைத்தாரோ தெரியாது. ஊர் திரும்பிய மூன்றாம் நாள் ஆரம்பித்தது, நிற்கவே இல்லை.

ஒன்பதாம் நாள் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். எந்த விஷயத்தையும் எதுவென்று புரியாதபடி இரண்டு பக்கத்துக்கு எழுதுவதில் கெட்டிக்காரர். மருந்துக்கடைக்குப் போனார். கடையில் நாலு பேர் நின்றிருந்தார்களாம். கடைக்காரரிடம் குனிந்து, "வூட்ல நிக்க மாட்டேங்குது. நிக்கறதுக்கு எதுனா குடுங்க" என்றிருக்கிறார்.

"எத்தினி வாட்டி போவுது?"

"போய்க்கினே இருக்குதுங்க."

கடைக்காரர் தலையாட்டிவிட்டு மாத்திரை எடுத்துக் கொடுத்து, "மோர் சோறு மட்டும் குடுங்க, காரம் வாணாம்" என்று பத்தியமும் சொல்லி அனுப்பினார். அது பேதிக்கான மாத்திரை. நானும் நம்பி இரண்டு நாள் விழுங்கினேன். நிற்க வேண்டியது நிற்கவில்லை, நடக்க வேண்டியது நின்றுபோனது. மோர் சோற்றோடு வயிறு கல்லாகக் கிடந்தேன். அதற்குப் பிறகும் நாங்கள் இருவரும் வாயைத் திறக்கவில்லை, ஒருவர் மேல் ஒருவர் எரிந்துவிழுந்ததோடு சரி.

பதினாறாம் நாள் குளிக்கப் போன இடத்தில் விழுந்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. கள்ளக்குறிச்சியில் ஒரு லேடி டாக்டர் இருப்பது தெரியும், பஸ்தான் கிடையாது. ஸ்கூட்டரில் கிளம்பினோம். அவர் முதுகில் என் தலை கிடந்தது. இரண்டு இடத்தில் மரத்தைச் சுற்றிக் காட்டுக்குள் இறங்கி ஏறினோம். மூன்றாவது இடத்தில் ஒரு புளியமரம் சாலையை முழுசாக அடைத்துக் கிடந்தது. இரண்டு பக்கமும் பள்ளம். அரிவாளோடு ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் கோரிக்கையில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. அந்தப் பக்கம் போக வேண்டும், அவ்வளவுதான்.

"எங்கங்க கெளம்பிட்டீங்க?" என்று ஒருவன் கேட்டான். முப்பது வயதுக்குள் இருக்கும். என் வீட்டுக்காரர் வண்டியை நிறுத்திக் குரலைத் தாழ்த்தினார்.

"இவங்களுக்குத் தூரம்ங்க."

"எவ்ளோ தூரம்?"

"பதினாறு நாளுங்க."

"பதினாறு நாள் தூரமா? இன்னா சார், ஸ்கூட்டர்லயே காசிக்குப் போறீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். இவர் தடுமாறி, "அந்தத் தூரம் இல்லீங்க, ஜாஸ்தியான தூரம்" என்றார்.

"ஜாஸ்தி தூரமோ கம்மி தூரமோ, பக்கத்து ஊருக்குப் போறவங்களயே திருப்பிக்கினு இருக்கோம். வண்டியத் திருப்புங்க சார்."

இவர் திருப்பியே விட்டார். கைப்பிடியை வளைத்துவிட்ட அந்த மனுஷரின் பிடரியைப் பார்த்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மரியாதைக்குப் பயந்து என்னைச் சாகக் கொடுக்கப் போகிறார். இறங்கினேன். வகுப்பில் போடும் குரலில் சொன்னேன்:

"எனக்குப் பதினாறு நாளா ரத்தம் போவுது. நிக்கல. டாக்டர் கிட்ட போவணும்."

சிரிப்பு நின்றது. ஒருவரும் காதைப் பொத்திக்கொள்ளவில்லை, வானமும் இடிந்து விழவில்லை. கேள்வி கேட்டவனே அரிவாளால் கிளைகளைக் கழித்து வழி செய்தான். நாலு பேர் ஸ்கூட்டரைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். நான் அடிமரத்தைப் பிடித்துத் தாண்டினேன்.

டாக்டரம்மா கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு ஒரு வண்டி கேள்வி கேட்டார். முழுகாமல் இருக்கிறேனா என்று சோதித்தார். காலில் ரத்தம் கட்டி வீங்கியதுண்டா, மஞ்சள்காமாலை வந்ததுண்டா, மார்பில் கட்டி உண்டா என்று விசாரித்தார். எதிர்வீட்டு அக்கா கொடுத்த மாத்திரையையும் சொன்னேன். பிறகுதான் சீட்டு எழுதி மாத்திரை எடுத்துக் கொடுத்தார். மாத்திரையைப் பார்த்த என் வீட்டுக்காரர், "கோயிலுக்குப் போட்டதும் இதேதாங்களே?" என்றார்.

"மாத்திரை அதேதான். அன்னிக்கு எதிர்வூட்டுக்காரங்க குடுத்தாங்க, இன்னிக்கு நான் குடுக்கறேன்" என்றார் டாக்டரம்மா. "எழுதின நாள் முழுக்க, வேளை தவறாம போடணும். நின்னாலும் நிறுத்தக் கூடாது. முடிச்ச ரெண்டு மூணு நாள்ல ஒரு தடவ வரும், அது வர வேண்டியதுதான், பயந்து கடைக்கு ஓடாதீங்க. போட்டும் கம்மியாவலன்னா, காலு வீங்கி வலிச்சா, மூச்சு வாங்கினா உடனே வந்துடணும்." ரத்தம் ஊற இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்து, எதனால் இப்படி ஆனது என்று முழுசாகப் பார்க்க அடுத்த மாதம் வரச் சொன்னார்.

திரும்பும்போது புளியமரத்தடியில் அதே ஆள் நின்றிருந்தான். வண்டியைத் தூக்கிவிட்டபின் போகாமல் என் பக்கம் வந்து நின்றான்.

"அக்கா, எங்க வூட்லயும் ஒரு மாசமா..." என்று மரத்தைப் பார்த்தான்.

"ஒரு மாசமா இன்னா? வாயத் தொறந்து சொல்லு."

"அதாங்க்கா, உங்களுக்கு ஆன மாதிரியே. டாக்டரு குடுத்த மாத்திரையில ரெண்டு மூணு குடுத்தீங்கன்னா..."

கை பைக்குள் போய்விட்டது. எதிர்வீட்டு அக்காவின் முந்தானை ஞாபகம் வந்து கையை வெளியே எடுத்தேன்.

"இது எனக்குப் பார்த்துக் குடுத்தது. உன் பொஞ்சாதிய டாக்டர் பார்க்கணும். விடிஞ்சதும் இட்டுக்கினு போ."

"எப்படிக்கா போறது? பஸ்ஸும் ஓடல, வழியெல்லாம் மரத்த வெட்டிப்..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினான். கையிலிருந்த அரிவாளைப் பார்த்தான். எனக்கு அவன் மேல் பாவமாகவும் இருந்தது, நாலு அறை விடலாம் போலவும் இருந்தது.

என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரை ஸ்டாண்ட் போட்டுவிட்டு வந்தார்.

"காலைல நம்ம வூட்டுக்கு வந்து வண்டிய எடுத்துக்கினு போப்பா" என்றார். "வழியில நிறுத்திக் கேட்டா மட்டும் தூரம்னு சொல்லாத. ரத்தம்னு சொல்லு."