சட்டியில் தெளித்த தண்ணீர்

டூட்டி முடிந்து, அமீரகத்தின் அல் ஐன் நகரில் உள்ள என் அறைக்குத் திரும்பியவன், சட்டையைக் கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து அமர்ந்தேன். அறைத்தோழர் தெஸ்ஃபாயே எத்தியோப்பியர். தம் ஊர்க் கொண்டைக்கடலை மாவுக் குழம்புக்காக, வெறும் சட்டியில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார்.

"ஆயில் மாஃபி, பாய்?" எண்ணெய் இல்லையா என்று வளைகுடாக் கலவைமொழியில் கேட்டேன்.

"பாத் மே, பாபா." அவர்கள் சமையலில் எண்ணெய் பிறகுதான் வரும்.

எண்ணெய் காணாத வெங்காயத்தின் மணம் எனக்குப் பழையது. மழை பொய்த்த ஆண்டில் எங்கள் வீட்டில் எண்ணெய் இல்லை. தாளிக்கும் ஓசை எழாவிட்டால் அடுத்த வீட்டுக்குத் தெரிந்துவிடுமே! ஆகவே அம்மா காய்ந்த சட்டியில் தண்ணீரைத் தெளிப்பார். 'சொய்' என்ற ஓசை சுவரைத் தாண்டும்.

ஒருநாள் சுவருக்கு அப்பாலிருந்து அடுத்த வீட்டுச் செல்லம்மா அத்தை, "என்ன மதினி, சத்தம் வருது, வாசத்தக் காணோம்?" என்று சிரித்தார். அம்மா கூனிக் குறுகிப்போனார். அதன்பின் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

கோடை முற்றியபோது அத்தை வீட்டிலிருந்தும் அதே ஓசை வந்தது. கடுகு வெடிக்கவில்லை, மணமும் எழவில்லை.

"எம்மா, அங்கயும் தண்ணிதான்!" என்றேன்.

"வாய மூடுல." அம்மா சுவரோரம் சென்று உரக்கச் சொன்னார்: "மதினி, ஒங்க தாளிப்பு வாசம் தெருவையே தூக்குது!"

அப்பால் அத்தை மூக்கை உறிஞ்சும் ஓசை மட்டும் கேட்டது.

"பாபா, கானா ரெடி," என்று சாப்பிடக் கூப்பிட்டார் தெஸ்ஃபாயே. கைகழுவவும் எழ மனமின்றி, நினைவில் அம்மாவுக்குப் பக்கத்தில் இன்னும் சற்று நேரம் அமர்ந்திருந்தேன்.